பாலும் சினையும் ஒரே கஜானாவிலிருந்து

ஏப்ரல் மதியம், மணி இரண்டு. பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தகரக் கூரைத் தொழுவம். பால்கார அக்கா அதில் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் என்ற சீமைப் பால் இனம்) கலப்பினப் பசு ஒன்றும் ஹள்ளிகார் என்ற கர்நாடக நாட்டுப் பசு ஒன்றும் கட்டியிருக்கிறார். விலா ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன். ஹள்ளிகாருக்கு நிமிடத்துக்கு 30 மூச்சு. கலப்பினத்துக்கு 68, வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது.

“இது காலையில மட்டும் பத்து லிட்டர் கறக்குது தம்பி. ஆனா மூணு சினை ஊசி போட்டும் சினை நிக்கல. அது ரெண்டு லிட்டர்தான், ஒரே ஊசியில நின்னுடுச்சு,” என்றார் அக்கா.

ஹள்ளிகார் பாலுக்காக வளர்ந்த இனம் அல்ல. எங்கள் ஊர்ப் பக்கத்துக் காங்கேயம் போல ஏருக்கும் வண்டிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘நாட்டு மாடு’ என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியில் அடைப்பது தவறு. சாஹிவால், கிர், சிவப்பு சிந்தி ஆகியவையும் நாட்டு மாடுகளே. நல்ல பண்ணையில் சாஹிவால் ஒரு ஈற்றில் ஏறக்குறைய 2,000 லிட்டர் தரும்.

பால் சுரப்பது சூடான வேலை. தின்ற தீவனம் இரைப்பையில் நொதிக்கும்போதும், மடி அதைப் பாலாக்கும்போதும் உடம்பு கொதிக்கிறது. நாட்டு மாட்டுக்குத் தொங்கும் தளர்ந்த தோல், குட்டை ரோமம், பெரிய வியர்வைச் சுரப்பிகள். அது சூட்டை எளிதாக வெளியேற்றிவிடும். குளிர்நாட்டு ரத்தம் கூடக்கூட இந்த வசதி குறைகிறது. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கலப்பினம் இங்கே ஓரளவு தப்பிக்கிறது. தகரக் கூரை அந்தச் சலுகையையும் பறித்துவிடுகிறது.

சினைக்கு வருவோம். கன்று ஈன்றபின் பால் ஆறு, எட்டு வாரங்களில் உச்சத்தைத் தொடும். பசியோ அந்த வேகத்தில் ஏறாது. பற்றாக்குறையைத் தன் கொழுப்பைக் கரைத்துத்தான் பசு ஈடுகட்டுகிறது. இடுப்பெலும்பு துருத்துவது அதனால்தான். உடம்பு நட்டத்தில் ஓடுகிறது என்று மூளைக்குத் தெரிந்ததும், சூலகத்திலிருந்து முட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோன் துடிப்புகள் தளர்கின்றன. சினைப்பருவம் தள்ளிப்போகும், அல்லது வெளியே தெரியாமலே கடந்துபோகும். தப்பித் தவறிக் கரு உருவானாலும் முதல் சில நாட்களில் அது வெப்பத்தைத் தாங்காது. சினைக்காலம் சுமார் 280 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற 85 நாளுக்குள் சினை பிடித்தாக வேண்டும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால், அடுத்தது வரும்வரை 21 நாள் தீவனச் செலவு வீண்.

இதைக் கேட்டு நாட்டு மாடுதான் இனப்பெருக்கத்தில் சிறந்தது என்று முடிவுகட்டக் கூடாது. அக்காவின் கலப்பினம் இரண்டரை வயதில் முதல் கன்று போட்டது. ஹள்ளிகாருக்கு நான்கு வயதானது. நாட்டு இனங்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் பருவமடைகின்றன.

கலப்பினத்தின் உண்மையான சிக்கல் அடுத்த தலைமுறையில் இருக்கிறது. பக்கத்து ஆடுகோடியில் 1923இல் தொடங்கிய அரசுப் பால்பண்ணை நிறுவனத்துக்கு 1927இல் காந்தி வந்து மாடு வளர்ப்பு கற்றார். அங்கே சீமை இனமான அயர்ஷயர் காளையையும் நாட்டு இனமான ஹரியானா பசுவையும் இணைத்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். இப்படிப் பிறக்கும் முதல் தலைமுறைக்கு ஒவ்வொரு மரபணு ஜோடியிலும் ஒன்று சீமையது, ஒன்று நாட்டினது. அதனால் கலப்பால் வரும் கூடுதல் வீரியம் முழுதாகக் கிடைக்கிறது. அந்தக் கலப்பினங்களையே தமக்குள் சேர்த்தால், பாதி ஜோடிகள் ஒரே பக்கத்து மரபணுக்களாகிவிடும். கூடுதல் வீரியமும் பாதியாகும். மீண்டும் சீமைக் காளை விந்தையே போட்டாலும் அதே இழப்பு, கூடவே வெயிலும் உண்ணிக் காய்ச்சலும் தாங்காத உடம்பு. பால் ஏறும் என்ற ஆசையில் தலைமுறைக்குத் தலைமுறை அப்படியே ஊசி போடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரும் வருத்தம். சீமை ரத்தம் பாதிக்கும் முக்காலுக்கும் இடையே நிற்பதே நம் நிலைமைக்குப் பொருந்தும்.

அக்கா இப்போது கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, மதியம் இரண்டு தடவை தண்ணீர் தெளிக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு தொழுவத்துக்குப் போய், பருவத்தின் அடையாளமாக வாலடியில் கண்ணாடி போல வழும்பு வடிகிறதா என்று பார்க்கிறார். காலையில் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. நான்காவது ஊசி போன வாரம் போட்டாயிற்று. 21ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.