கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள்

"இணையத்தில் ஒரு சோதனை எழுதினேன். என் மீள்திறன் நூற்றுக்கு 62 என்று வந்தது. இது பாஸா, ஃபெயிலா?" என்று 21 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டும் இல்லை. மீள்திறன் என்பது அடிபட்டபின் மீண்டெழும் மனத்திறன். அவர் எழுதியது கானர், டேவிட்சன் இருவரும் 2003-ல் வெளியிட்ட அளவுகோலாகவோ அதன் சாயலாகவோ இருக்கலாம். 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. ஆக மொத்தம் 100. தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. அதே வயதுக்காரர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பார்த்தால்தான் 62-க்கு ஒரு பொருள் வரும். 2008-ல் வந்த இன்னொரு அளவுகோலில் ஆறே வாக்கியங்கள். 'அடிபட்டால் சீக்கிரம் எழுந்துவிடுவேன்' என்கிற மாதிரி மூன்று, 'எழுவது சிரமம்' என்கிற மாதிரி மூன்று. பின்னதற்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுவார்கள். எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று டிக் அடித்துக்கொண்டே போகிறவர் சரியாக நடுவில் வந்து நிற்பார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஆனாலும் இவையெல்லாம் ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் கேட்கின்றன. பந்து எவ்வளவு துள்ளும் என்று பந்திடமே விசாரிப்பது போல. இதுவரை பெரிதாக எதிலும் அடிபடாத 19 வயதுக்காரர் 'எதையும் தாங்குவேன்' என்று எழுதினால் அது நம்பிக்கை, அளவீடு ஆகாது. 2011-ல் இத்தகைய 19 அளவுகோல்களை அலசிய ஒரு மதிப்பாய்வும், இதுதான் உரைகல் என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லை என்றே முடித்தது.

சரி, கேட்காமலே அளக்க முடியுமா? முடியும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன தொல்லைகள் வந்தன என்று நிறையப் பேரிடம் கேளுங்கள்: பரீட்சை, பணமுடை, பிரிவு, நோய். அதோடு தூக்கம், பதற்றம், சோர்வு எப்படி என்றும் தனியாகக் கேளுங்கள். மீள்திறன் பற்றி மூச்சு விட வேண்டாம். தொல்லையைக் கிடைமட்ட அச்சிலும் மனவேதனையைச் செங்குத்து அச்சிலும் வைத்து ஆளுக்கொரு புள்ளி குத்தினால், புள்ளிக்கூட்டம் வலப்பக்கம் போகப் போக மேலேறும். அதன் நடுவே ஒரு நேர்கோடு. இவ்வளவு தொல்லைக்கு இவ்வளவு வேதனை வழக்கம் என்று அந்தக் கோடு சொல்கிறது.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. ஒருத்திக்குத் தொல்லை 8, வேதனை 9. இன்னொருவனுக்குத் தொல்லை 2, வேதனை அதே 9. வேதனையை மட்டும் பார்க்கிறவருக்கு இருவரும் ஒன்றுதான். ஆனால் தொல்லை 8-க்குக் கோடு எதிர்பார்ப்பது 15 என்றால் அவள் ஆறு புள்ளி கீழே நிற்கிறாள். தொல்லை 2-க்கு எதிர்பார்ப்பது 6 என்றால் அவன் மூன்று புள்ளி மேலே. இந்த இடைவெளிக்குப் புள்ளியியலில் எச்சம் என்று பெயர். இலக்கண வகுப்பில் பெயரெச்சம், வினையெச்சம் என்று படித்தோமே, அதே எச்சம்தான். கணக்கில் அடங்காமல் மிஞ்சியது. வேறு ஆய்வாக இருந்தால் ஒதுக்கித் தள்ளிவிடும் மிச்சத்தைத்தான் இங்கே மீள்திறன் என்று கையில் எடுத்துக்கொள்கிறார்கள்! கோட்டுக்குக் கீழே நின்றால் மீள்திறன் அதிகம், மேலே நின்றால் குறைவு.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ராஃபேல் காலிஷ் குழுவினர் 18 முதல் 20 வயதுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையம் வழியாக இப்படி விசாரித்துவந்தார்கள். திரும்பத் திரும்ப அளப்பதில் ஒரு லாபம்: ஒரே ஆள் இந்தக் காலாண்டில் கோட்டுக்குக் கீழும் அடுத்ததில் மேலும் போவதைப் பார்க்க முடிகிறது. மீள்திறன் பிறவிக் குணம் என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஓட்டைகளும் உண்டு. வேதனையைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் உள்ளவரும் கோட்டுக்குக் கீழேதான் விழுவார். அளவீட்டுப் பிழை முழுக்க அந்த எச்சத்துக்குள்தான் புகுந்திருக்கும். கூட்டத்தை மாற்றினால் கோடும் மாறும்.

அப்புறம் பணம். உளவியலாளர் எம்மி வெர்னரின் குழு ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தது. இன்று இரண்டு மூன்று ஆண்டு நிதியில் யார் அப்படிச் செய்ய முடியும்? அதனால்தான் ஒரே மதியத்தில் வகுப்பறையில் படிவம் கொடுத்து முடிக்கும் ஆய்வுகள் குவிகின்றன என்பது என் எரிச்சல்.

வாசகரின் 62-க்கு வருவோம். அந்தச் சோதனையை எழுதிய வாரம் அவருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது? அதை அந்தச் சோதனை கேட்கவே இல்லையே.