குதிரைச் சவாரிக்கு நிலம் விடுகிறீர்களா? ‘சொந்தப் பொறுப்பில்’ என்ற போர்டு மட்டும் போதாது

ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. பயிற்சிப் பள்ளி நடத்த இடம் கேட்டு ஒருவர் வருகிறார். மாத வாடகை பேசி, பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. குதிரையும் அவருடையது, பயிற்சியும் அவருடையது, நமக்கு என்ன வந்தது என்று நிலக்காரர் நினைக்கிறார். ஒரு பிள்ளை விழுந்து கை முறிந்தால் வக்கீல் நோட்டீஸில் அவர் பெயரும் இருக்கும்.

இடம் யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். நிலத்தை முழுவதுமாக ஒப்படைத்துவிட்டு வாடகையோடு நின்றுகொண்டால், சவாரியில் நடந்த தவறை உங்கள் தலையில் கட்டுவது கடினம். ஞாயிற்றுக்கிழமை வசூலில் பங்கு, நுழைவாயிலில் உங்கள் பண்ணையின் பெயர், கேட் சாவி உங்கள் வாட்ச்மேனிடம் என்றிருந்தால் நீங்களும் சேர்ந்து நடத்துபவர் என்று வாதிட வழி கிடைத்துவிடும். எங்கள் ஆலோசனை: வசூலில் பங்கு வேண்டவே வேண்டாம்.

வாடகையோடு நின்றாலும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. நிலத்தில் உங்களுக்குத் தெரிந்த, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் குத்தகைதாரர் கண்ணில் படாத குறை இருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. தோப்பு மூலையில் ஓலையும் மண்ணும் மூடிக் கிடக்கும் பாழுங்கிணறு, தண்ணீர் வராமல் கைவிட்ட போர் குழி, செடிகொடி மறைத்த, மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி எல்லாம் இதில் வரும். மோட்டார் கொட்டகைக்குப் போகும் சர்வீஸ் ஒயரையும் மறந்துவிடாதீர்கள். ஏழரை அடியில் தொங்கும் ஒயர் நடந்து போகிறவரைத் தொடாது. தோள்பட்டை ஐந்தடி உயரமுள்ள குதிரையின் மேல் உட்கார்ந்தவரின் முகத்துக்கு அது நேராக வரும். ஒப்பந்தத்தோடு ஒரு வரைபடம் இணைத்து, இவற்றையெல்லாம் குறித்து, தேதியோடு படமெடுத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். அரை நாள் வேலைதான்.

இனி நடத்துபவர். ‘காயம்பட்டால் நடத்துபவர் பொறுப்பல்ல’ என்று சொல்லும் அமெரிக்கப் படிவத்தை இணையத்தில் எடுத்துத் தமிழாக்கிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கொலராடோ, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் குதிரையின் இயல்பான ஆபத்துக்கு நடத்துபவர் பொறுப்பில்லை என்று தனிச் சட்டமே உண்டு. அங்கே ‘சொந்தப் பொறுப்பில்’ என்ற போர்டுக்கு அர்த்தம் இருக்கிறது. பழுதான சேணத்தைக் கொடுத்தவரை அந்தச் சட்டங்களும் காப்பாற்றுவதில்லை. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. சவாரிக்காரர் ஏற்பது குதிரைச் சவாரியோடு கூடவே வரும் ஆபத்தை. உங்கள் அலட்சியத்தை அல்ல. பெற்றோர் போடும் கையெழுத்தை நம்புவது இன்னும் மோசம். 18 வயது நிரம்பாதவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. சிவில் வழக்குக்கான காலக்கெடுவும் அவருக்கு வயது நிரம்பிய பிறகே ஓடத் தொடங்கும்.

பெரும்பாலோர் கவனிக்காதது நுகர்வோர் சட்டம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஊட்டியில் 300 ரூபாய் கொடுத்து ஏறி விழுந்தவர் சென்னையில் வசித்தால் அங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பார். வழக்கை நீங்கள் அங்கேதான் சந்திக்க வேண்டும். மாவட்டமா, மாநிலமா, தேசியமா, எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது அவர் கொடுத்த கட்டணம்தான், கேட்கும் இழப்பீடு அல்ல. அவருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கிரிமினல் வழக்கு தனி: விலங்கை அலட்சியமாகக் கையாண்டால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 106-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை.

சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வயிற்று வாரும் விபத்துக்கு ஒரு காரணம். வாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலு எட்டு நடந்து மூச்சை விட்டதும் வார் தொளதொளத்துவிடும். சேணம் பக்கவாட்டில் சரியும், கால் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் மாட்டும், குதிரை மிரண்டு இழுத்துக்கொண்டு ஓடும். சில நிமிடம் நடத்திய பின் மறுபடி இறுக்குவதும், ஏறிய பிறகு இன்னொரு முறை பார்ப்பதும் கட்டாயம். அங்கவடி பூட்ஸைவிட ஓர் அங்குலம் அகலமாக இருக்கட்டும். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். 300 கிலோ மட்டக்குதிரைக்கு 60 கிலோதான். எண்பது கிலோ ஆளை ஏற்றினால் குதிரைக்கும் கொடுமை, வழக்கிலும் பலவீனம்.

இதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள்: தேதி, குதிரையின் பெயர், சவாரிக்காரரின் எடை, முன் அனுபவம், வாரைச் சரிபார்த்தவர் கையெழுத்து. குதிரை ஒருமுறை உதைத்தாலோ கடித்தாலோ, அதன் சுபாவம் எனக்குத் தெரியாது என்று அதன்பின் சொல்ல முடியாது. ‘இன்னைக்கும் உதைச்சிருச்சு’ என்று லாயத்து வாட்ஸ்அப் குழுவில் போன செய்தியே சாட்சியாகும். அந்தக் குதிரையைப் புதியவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

குதிரைக்கு எடுத்த கால்நடைக் காப்பீடு குதிரையின் இழப்புக்கானது, விழுந்தவருக்கானது அல்ல. விழுந்தவருக்கான இழப்பீட்டுக்குப் பொதுப் பொறுப்பு பாலிசி தனியாக வேண்டும். 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எடுப்பது அபாயகரமான ரசாயனங்களைக் கையாள்பவர்களுக்கானது. பெயரைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். பங்கேற்பாளருக்கு ஏற்படும் காயம் பாலிசி பணம் தராத விலக்குப் பட்டியலில் இருக்கிறதா, ஒரு விபத்துக்கான உச்சவரம்பு எவ்வளவு என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிலக்காரரின் பெயரையும் பாலிசியில் சேர்க்க வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாக இருக்கட்டும்.

விபத்து நடந்துவிட்டால் மருத்துவ உதவிக்குப் பிறகு அடுத்த வேலை, அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுப்பது. அறுந்த வாரைத் தைக்கவோ தூக்கிப் போடவோ கூடாது. சேணத்தோடு சேர்த்துப் படமெடுத்து, சாக்கில் கட்டி, தேதியெழுதிப் பூட்டி வையுங்கள்.