காதடைத்துப்போன ரிசீவர்கள்

கணினியில் செருகி வானொலி அலைகளைக் கேட்க உதவும் சிறு கருவிகள்தான் யூ.எஸ்.பி. ரிசீவர்கள். பழுதுபார்க்க என்னிடம் வருபவற்றில் முற்றிலும் உயிரிழந்தவை குறைவு. கணினி அவற்றை அடையாளம் காண்கிறது, திரையில் அலைக்கோடு ஓடுகிறது, மென்பொருள் எந்தக் குறையும் சொல்வதில்லை. ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும்போதும் வெறும் இரைச்சல்தான். கொண்டுவருபவர் பாவம், ஆன்டெனாவைக் குறை சொல்லி அதை இரண்டு மூன்று முறை மாற்றியிருப்பார்.

நான் முதலில் செய்யும் சோதனை எளியது. வலுவான பண்பலை நிலையம் ஒன்றைத் திரையில் வைத்து, ஆன்டெனாவைக் கழற்றி மாட்டிப் பார்ப்பேன். நல்ல ரிசீவரில் அந்த அலை சுவர்போல எழும்பும். காதடைத்துப்போனதில் ஒரு சிறு மேடு தெரியும், அவ்வளவுதான். சிப்பின் மேல் கரிந்த தடம் எதுவும் இருக்காது. உள்ளே முதல் பெருக்கி மட்டும் பாழாகியிருக்கும்.

காரணம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து நமக்கு வந்துசேர்வது ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவான சக்தி. அதைக் கேட்கப் படைக்கப்பட்ட உள்ளீட்டுக்கு 10 மில்லிவாட்டே அதிகம். எஸ்ஓ-50 என்ற அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோள் வழியே பேச விரும்புபவர் 145.850 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் கையடக்க வானொலியின் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டே, ஒரு சாண் தள்ளி இருக்கும் ரிசீவரில் 436.795ஐக் கேட்கிறார். முதல் பெருக்கி பாழாக அந்த ஒரு அழுத்தலே போதும். ஆன்டெனாக்களைத் தள்ளி வையுங்கள். ரிசீவருக்கு முன்னால் 430 மெகாஹெர்ட்ஸ் பட்டையை மட்டும் விடும் வடிகட்டியைப் போடுங்கள். செலுத்தும் அலையின் மூன்றாம் மடங்கு 437.55இல் விழுவதால், அந்தச் செலுத்தியின் வாயிலிலும் உயர் அலைவரிசைகளைத் தடுக்கும் தாழ்பட்டை வடிகட்டி ஒன்று தேவை. இல்லையென்றால் ரிசீவர் கெடாவிட்டாலும் கேட்காது.

அடுத்தது நிலைமின்சாரம். உலர்ந்த காற்றில் மொட்டைமாடி ஆன்டெனாவும் நீண்ட கேபிளும் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும். மாட்டுவதற்கு முன் கேபிளின் நடுமுனையை வெளியுறையோடு ஒரு கணம் தொடவிட்டு அதை வடித்துவிடுங்கள். இடிமழைக்கான அறிகுறி இருந்தால் அந்த வேலையும் வேண்டாம். கேபிளைத் தொடவே கூடாது. அந்த அறிகுறி தெரிவதற்கு வெகுமுன்பே கழற்றி, வீட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். கேபிளில் பொருத்தும் வாயுக் குழாய்த் தடுப்பான் (மிகை மின்னழுத்தத்தைத் தரைக்குக் கடத்தும் கருவி) நல்ல தரையிணைப்போடு இருந்தால், அருகில் விழும் இடி கேபிளில் தூண்டும் மின்னெழுச்சியை ஓரளவு வடிக்கும், நேரடி இடியை அது தாங்காது. ரிசீவரோடு கணினியும் போகும்.

மேலே ஆன்டெனா அருகே பெருக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதற்கு மின்சாரம் தர, சில ரிசீவர்கள் கேபிள் வழியே 4.5 வோல்ட் அனுப்பும். நேர்மின்னோட்டத்துக்கு (டி.சி.) குறுக்கிணைப்பாக இருக்கும் ஆன்டெனாவை மாட்டிக்கொண்டு அந்த 4.5 வோல்ட்டை இயக்காதீர்கள்.

கனமான கேபிளை யூ.எஸ்.பி. துளையில் தொங்கவிடாமல் குட்டையான நீட்டிப்புக் கம்பியைப் போடுங்கள். கணினியின் இரைச்சலும் குறையும். இணைப்பானை மாட்டும்போது மரையை மட்டும் திருக வேண்டும், ரிசீவரை அல்ல.

வாங்கிய அன்றே அந்தப் பண்பலைச் சோதனையைச் செய்து திரையைப் படமெடுத்து, எந்த நிலையம், எந்த ஆன்டெனா, எந்தப் பெருக்க அளவு என்பதையும் அதில் எழுதிவையுங்கள். பின்னர் சந்தேகம் வரும்போது ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும்.