குசினி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது ஆண்டுதோறும் மட்டக்களப்பிலுள்ள என் அலுவலகத்துக்கு வருவார்கள். ஆய்வேட்டுக்குத் தரவு எடுக்க வேண்டும், ஊரைக் காட்டித் தாருங்கள் என்று கேட்பார்கள். பலர் இந்த மண்ணில் பிறந்து மொறட்டுவையிலோ கொழும்பிலோ படிப்பவர்கள். கையில் அளவு நாடா இருக்கும், அச்சடித்த வினாக்கொத்து ஒரு கட்டு இருக்கும். "உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன?" என்று கேட்டால் மட்டும் தலைப்பைச் சொல்வார்கள். "சுனாமி மீள்குடியேற்ற வீடுகளின் பண்பாட்டுப் பொருத்தப்பாடு" என்பது தலைப்பு. அதற்குள் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி என்றால் விடை நான் நினைத்ததற்கு மாறாகவும் வரக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு போகிறவருக்கு "பொருந்தவில்லை" என்ற முடிவு பஸ் ஏறும்போதே கையில் இருக்கிறது.

ஒரு மாணவியோடு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய வினாக்கொத்தில் 42 கேள்விகள். சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த ஒரு குடியிருப்புக்குப் போனோம். முதல் வீட்டில் ஓர் அம்மா, "வாங்க புள்ள, இரிங்க" என்று விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணியும் தந்து, எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். குசினி எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று மாணவி கேட்டார். "நல்லம் மகள், அஞ்சு போடுங்க" என்றார். மாணவி ஐந்து போட்டார்.

குசினியை ஒருக்காப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். சமைப்பதற்கென்று கட்டிய அந்த அறையில் இரண்டு நெல்மூட்டை, ஒரு சைக்கிள், ஆணியில் தொங்கும் பள்ளிக்கூடப் பைகள். அடுப்புக்காக வார்த்த கொங்கிறீற் மேடையில் தையல் மெசின். பின்கதவைத் திறந்தால் வீட்டின் கிழக்குச் சுவரோடு தகரத்தால் ஒரு பத்தி இறக்கியிருந்தார்கள். மண்ணால் மெழுகிய அடுப்பு, பக்கத்தில் அடுக்கிய விறகும் பொச்சும். சுவரில் ஆள் உயரத்துக்குமேல் கரி படிந்திருந்தது. அந்தக் கரியின் கனத்தைப் பார்த்தாலே ஒன்றிரண்டு ஆண்டுப் புகை இல்லை என்று தெரியும். வடக்குப் பக்கத்தைக் கிடுகால் அடைத்திருந்தார். மழைத்தண்ணி உள்ளே வராதபடி நான்கு விரல் உயரத்துக்கு மண் வரம்பும் கட்டியிருந்தார்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. எல்லாம் இழந்து நின்றபோது யாரோ கட்டிக்கொடுத்த வீடு அது. அதை வந்தவர்கள் முன்னால் குறை சொல்வது அவருக்கு மரியாதைக் கேடு. ஐந்து என்ற அந்த எண் குசினியைப் பற்றியதே அல்ல, அவருடைய நன்றியைப் பற்றியது. மாணவி அதைக் குசினியின் தரவாக எழுதிக்கொண்டார். இப்படி அறுபது தாள் நிரப்பி, சராசரி எடுத்து, வரைபும் கீறி, "பயனாளிகள் குசினியில் உயர் திருப்தி" என்று ஆய்வேடு எழுதினால், அடுத்த திட்டத்திலும் அதே குசினிதான் கட்டப்படும். எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வருவதற்குக் காரணம் அதுதான்.

கேள்வியை மாற்றிக் கேட்டோம். "இண்டைக்கு என்ன சமைச்சீங்க? எங்க வச்சுச் சமைச்சீங்க?" அரை மணித்தியாலம் பேசினார். உள்ளே விறகு எரித்தால் புகை முழுவதும் கூடத்துக்குள் போகிறது. குசினி யன்னல் மேற்கே பார்த்தது. ஆனி ஆடியில் கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும்போது அடுப்பு நின்று எரியாது. அதனால்தான் கச்சானுக்கு வீடே மறைப்பாக நிற்கும்படி கிழக்குப் பக்கம் அடுப்பை வைத்தார். மாரியில் வாடையோடு வரும் சாரலுக்காக வடக்கே கிடுகு. ஒரு கட்டடக் கலைஞர் காற்றுத் திசை பார்த்துச் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்து முடித்திருக்கிறார். அங்கேதான் மாணவிக்கு ஆய்வுக் கேள்வி கிடைத்தது: இந்த ஒழுங்கையில் சமையல் கட்டிய இடத்தைவிட்டு எங்கே நகர்ந்தது, எப்போது, எதனால்?

இப்படி ஒரு கேள்வி கையில் வந்தால் முறை தானாகவே வந்துவிடும். முதலில் கொடுத்த வீட்டின் வரைபடம். அதன்மேல் இன்றைய நிலையை வேறு நிறத்தில் வரைய வேண்டும். மனிதர் பாவித்துக் கட்டடத்தில் விட்டுச்செல்லும் இந்த அடையாளங்களைப் பௌதிகத் தடயங்கள் என்று ஆய்வு முறையியலில் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஸீசல் இவற்றை வகைப்படுத்தி, கேள்வி கேட்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்கலாம் என்று ஒழுங்காக எழுதியிருக்கிறார். தேய்ந்த நிலம், அடைத்த யன்னல், பிறகு வைத்த கதவு, கொடிக்கயிறு, பாவிக்காமல் தூசி படிந்த மூலை என எல்லாமே தரவு. பார்த்ததை வைத்து அதன் பிறகு கேட்க வேண்டும். "இந்த யன்னலை ஏன் அடைச்சீங்க?" என்ற கேள்விக்கு மரியாதைக்காக யாரும் ஐந்து போட மாட்டார்கள்.

அளக்கும்போது அறையின் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளவுங்கள். கண்ணுக்குச் சதுரமாகத் தெரியும் அறை வரைய உட்கார்ந்தால் மூடாது. பிறகு அதற்காக இன்னொருமுறை போக வேண்டிவரும்.

எத்தனை வீடு என்பது எல்லோருக்கும் உள்ள பயம். அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இல் வெளியிட்ட நகர ஆய்வுக்குப் பொஸ்டனில் சுமார் 30 பேரோடும், மற்ற இரண்டு நகரங்களில் நகரத்துக்குச் சுமார் 15 பேரோடும்தான் அவருடைய குழுவினர் பேசியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரோடும் நெடுநேரம் பேசி, ஊரின் படத்தைக் கையால் வரையவும் சொன்னார்கள். மாதிரி சிறியது, அதிலும் உத்தியோகத்தர்கள் பக்கம் சாய்ந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். சிறிய மாதிரி எடுப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம். எங்கள் மாணவிக்கு நான் சொன்னது, கூப்பிட்டு இருத்தும் வீடுகளாகப் பொறுக்காமல் ஓர் ஒழுங்கையின் எல்லா வீட்டையும் எடுங்கள் என்று. பூட்டிக் கிடந்த வீடும் அவருடைய அட்டவணையில் இருந்தது. அது ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பதும் ஒரு விடைதானே.

கேள்வி பொது இடத்தைப் பற்றியது என்றால் பேசாமலே கூட ஆய்வு செய்யலாம். 1970களில் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வைட் நியூயோர்க்கின் சதுக்கங்களில் கமெரா வைத்துப் பார்த்துவிட்டு, இருக்க இடமுள்ள இடத்தில்தான் மக்கள் இருக்கிறார்கள் என்று காட்டினார். கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் பார்த்து எண்ணியதால் வந்த முடிவு அது. மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் மாலை நான்கு மணிக்குப் போய் இருந்து, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். நிழல் எங்கே நகர்கிறதோ அங்கே புள்ளியும் நகரும். பெண்கள் தனியாக வந்தால் எங்கே இருக்கிறார்கள், ஆறரைக்குப் பிறகு எங்கே இருப்பதில்லை என்பதும் தெரியவரும்.

வெப்பத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எண்களை நம்பி ஏமாறுகிறோம். விடுமுறை தையில் கிடைத்தது என்று தையில் வந்து வெப்பமானியைத் தொங்கவிடுகிறார்கள். அது வடகீழ்ப் பருவ மழைக்காலம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் வீடு உண்மையில் சோதிக்கப்படுவது வைகாசியிலிருந்து ஆவணி வரை, கச்சான் வறட்டி எடுக்கும் காலத்தில். தையில் அளந்து "வெப்ப வசதி போதுமானது" என்று எழுதுவது, வற்றிய ஆற்றைப் பார்த்து வெள்ளம் வராது என்று எழுதுவதைப் போன்றது.

இன்னொன்று சூரியன். எங்கள் ஊர் வட அகலக்கோடு ஏறக்குறைய 7.7 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்பிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஐரோப்பிய நூல்களில் படித்ததை வைத்துத் தெற்கு யன்னலுக்கு மட்டும் நிழல் ஆராய்ந்துவிட்டு, கடும் வெயில் காலத்தில் வடக்குச் சுவரில் வெயில் விழுவதைக் கவனிக்காத ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கூரையை ஒப்பிடும்போது காற்றின் வெப்பநிலையை மட்டும் அளந்தால் போதாது. ஓட்டுக் கூரை வீட்டிலும் சீற் கூரை வீட்டிலும் யன்னல் திறந்திருந்தால் காற்று கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையைக் காட்டலாம். ஆனால் சூடேறிய சீற்றிலிருந்து தலைக்கு இறங்கும் கதிர்வீச்சு வேறு. அதை அளக்கக் கறுப்புக் கோள வெப்பமானி வேண்டும். வாங்க வசதி இல்லாவிட்டால் 40 மில்லிமீற்றர் மேசைப்பந்து ஒன்றுக்கு மினுக்கமில்லாத கறுப்பு மை பூசி, சிறு துளை போட்டு வெப்பமானியின் முனையை நடுவில் நிறுத்துங்கள். உட்கார்ந்திருப்பவரின் தலை உயரமான 1.1 மீற்றரில் தொங்கவிட்டு, பக்கத்தில் காற்று வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் எழுதுங்கள். மேசைப்பந்தைக் கொண்டு அளந்தேன் என்பதையும் ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? வினாக்கொத்தின் தொடக்கத்தில் "குடும்பத் தலைவர் பெயர்" என்றிருக்கும். எங்கள் பக்கத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குப் போவது வழக்கம். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்குச் சீதனம். மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். தாய் தகப்பன் அதே வளவில் சிறிதாக ஒன்று கட்டிக்கொண்டு பின்னுக்குப் போவார்கள். வளவில் இரண்டு வீடு, மூன்று அடுப்பு இருப்பதன் காரணம் இதில் இருக்கிறது. இதை அறியாமல் போனவர் அதை இடநெருக்கடி என்று எழுதிவிடுவார். "தலைவர்" என்று கேட்டால் ஆண் வெளியே வந்து, தான் சமைக்காத குசினியைப் பற்றிப் பதில் சொல்வார். சுனாமிக்குப் பிறகு அந்த ஒரு சொல்லை வைத்தே பெண்ணுக்கு வரவேண்டிய வீட்டு உறுதி ஆணின் பெயரில் போன கதைகள் இங்கே பலருக்குத் தெரியும். படிவத்தில் ஒரு சொல் பிழைத்தால் ஒரு வழக்கமே பிழைக்கும். முஸ்லிம் ஊர்களான காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் போகும் ஆண் மாணவர்கள் கூடப்படிக்கும் மாணவி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். விறாந்தைக்கு அப்பால் உள்ள வீட்டை உங்களால் பார்க்க முடியாது, பார்க்க முயல்வதும் சரியில்லை.

இன்னொன்றையும் நெஞ்சோடு சொல்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் படிவம் நிரப்பாத வீடு இல்லை. போருக்குப் பிறகும் 2011 வெள்ளத்துக்குப் பிறகும் மறுபடி படிவம். தாளோடு யார் வந்தாலும் ஏதோ தரப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பு இன்னும் இருக்கிறது. "நான் படிக்கிற பிள்ளை. என்னால வீடோ காசோ எடுத்துத் தர ஏலாது. விருப்பமில்லாட்டிச் சொல்லத் தேவையில்லை" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் அனுமதி எடுத்ததால் வீட்டுக்காரர் அனுமதி தந்ததாக ஆகாது. படம் எடுப்பதற்கும் தனியாகக் கேளுங்கள். யார் செத்தார்கள், எத்தனை பேர் என்று வினாக்கொத்தில் போடாதீர்கள். அவர்களாகச் சொன்னால் பேனாவை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஊருக்கு வருமுன் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை உண்டு. 2012 குடித்தொகை, வீடமைப்புக் கணக்கெடுப்பில் கூரை, சுவர், நிலம் எதனால் ஆனவை என்ற விபரம் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்டு மக்களின் நேரத்தை எடுக்க வேண்டாம். கூகுள் ஏர்த்தில் பழைய படங்களை ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் பார்த்தால் எந்தக் கூரை எப்போது முளைத்தது என்று ஓரளவு பிடிக்கலாம். பழைய தமிழ் மலர்களுக்கும் ஊர் வரலாறுகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது.

அந்த மாணவி வரைந்து முடித்த படத்தை எடுத்துக்கொண்டு அதே அம்மாவிடம் திரும்பப் போனார். ஆய்வில் இது முக்கியமான படி, ஆனால் நாள் இல்லை என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். படத்தைத் தரையில் விரித்து, இது கூடம், இது உங்கள் அடுப்பு என்று காட்டினார். அம்மா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிணற்றடிக்கும் பத்திக்கும் இடையில் விரலை வைத்தார். "இதில வேலி இல்ல மகள். மூத்தவள்ற பக்கம் போற வழி இது. இரவையில இதாலதான் போய் வாற" என்றார். மாணவி அங்கேயே அழித்து வரைந்தார். அந்த வழியைப் பார்த்த பிறகுதான் இரண்டு வீடாகக் கணக்கெடுத்தது ஒரே குடும்பம் என்பது படத்தில் தெரிந்தது. கிளம்பும்போது அம்மா ஒரு பிரதி கேட்டார். இளையவளுக்கு வளவின் தெற்குப் பக்கம் வீடு கட்ட வேண்டுமாம், அடுப்பை எங்கே வைக்கலாம் என்று மேசனுக்குக் காட்ட வேண்டுமாம்.