நூற்புழுவை முட்டையிலேயே மடக்கும் பூஞ்சை

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணிலும் கெடிலம், தென்பெண்ணை ஆறுகளை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களிலும் கத்தரியோ வெண்டையோ பயிரிடுபவர்கள், ஈரம் இருந்தும் நண்பகலில் செடி துவண்டு நிற்பதைக் கண்டால் பெரும்பாலும் உரத்தைத்தான் கூட்டுகிறார்கள். செடியைப் பிடுங்கிப் பார்த்தால்தான் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பது தெரியும். இதை உளுந்தின் வேர்முண்டுகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பதால் விரலால் உரசினாலே உதிரும், இங்கோ வேரே வீங்கியிருக்கிறது.

வீக்கத்துக்குக் காரணம் வேர்முடிச்சு நூற்புழு. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இளம்புழு வேர்நுனி வழியாக நுழைந்து ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள சில செல்களைத் தனக்கு உணவூட்டும் பெருஞ்செல்களாக மாற்றிவிடுகிறது. அதன்பின் பெண்புழு நகர்வதில்லை. பேரிக்காய் போல உப்பி, பசைபோன்ற உறைக்குள் சில நூறு முட்டைகளை இடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்துவிடுவதால், ஒரே பயிர்க்காலத்தில் பல தலைமுறைகள் பெருகிவிடும்.

ஒரே குவியலாகக் கிடக்கும் அந்த முட்டைகள்தாம் பர்பூரியோசிலியம் லிலாசினம் என்ற பூஞ்சையின் இலக்கு. இது நூற்புழு முட்டைகளைத் தாக்குவது 1979இல் பெரு நாட்டு உருளைக்கிழங்கு ஆய்வுகளில் வெளிப்பட்டது. 2011இல் பெயர் மாற்றப்படும் வரை பேசிலோமைசிஸ் என்றே வழங்கியது. அதன் இழை முட்டையின் மேல் படர்ந்து, ஓட்டிலுள்ள புரதத்தையும் கைட்டின் என்ற கெட்டிப் பொருளையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே புகுந்து கருவை உண்கிறது. புழு முழுதாக உருவாகிவிட்ட முட்டையைவிட, அண்மையில் இட்ட முட்டையே அதற்கு எளிதில் வசப்படும்.

ஆர்த்ரோபோட்ரிஸ் போன்ற வேறு சில பூஞ்சைகள் ஒட்டும் இழைகளால் வலை பின்னி, ஊர்ந்து வரும் புழுவையே பிடித்து உண்கின்றன. நுண்ணோக்கியில் பார்க்க அது பெருவியப்புதான். ஆனால் இரை இல்லாதபோது மட்கிய பொருளை உண்டே காலம் கழிக்கக்கூடிய அவற்றைவிட, முட்டையைத் தாக்கும் பூஞ்சையை நம்புவதே உழவருக்கு மேல் என்பது என் கருத்து.

வேருக்குள் குடியேறிவிட்ட புழுவை இந்தப் பூஞ்சை விரைந்து ஒழித்துவிடாது என்பதால், செடி வாடிய பிறகு வாங்கி ஊற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். நாற்றங்காலிலேயே இடுவதும், நடவுக்கு முன்பே மட்கிய தொழுவுரத்துடனும் வேப்பம் புண்ணாக்குடனும் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் சில நாள் வைத்திருந்து வயலில் இடுவதும் பயன் தரும். மணல் மண்ணில் மட்குச் சத்து குறைவாக இருப்பதால் தொழுவுரம் இன்றிப் பூஞ்சை நிலைப்பது கடினம். வாடல் நோய்க்கென்று கார்பென்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியை அதே வேரில் ஊற்றினால், காசு கொடுத்து வாங்கிய பூஞ்சையும் சேர்ந்து மடியும். அறுவடைக்குப் பின் முடிச்சு விழுந்த வேர்களை உழுது மடக்காமல் பிடுங்கி எரித்துவிட்டால், அடுத்த பயிரில் பூஞ்சை எதிர்கொள்ள வேண்டிய முட்டைகளின் எண்ணிக்கையும் குறையும்.