பித்தவெடிப்பு வழியே நுழையும் கிருமி

புளியரையில் கார் நடவு. ஆரியங்காவுக் கணவாயிலிருந்து சாரல் விடாமல் அடிக்கிறது. வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, அதற்குள் கறுப்பாய்ச் சேறு. "சுகர் இருக்குல்லா, பூட்ஸ் போடக்கூடாதா?" என்றேன். "சேத்துக்குள்ள பூட்ஸப் போட்டா கால வெளிய எடுக்க முடியுமாடே?" என்றார். நியாயம்தான்.

அப்படிப்பட்ட சேற்றில் வாழக்கூடிய பாக்டீரியாதான் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லேய். அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். தமிழகத்திலும் கேரளத்திலும் நோயாளிகள் உண்டு. 1912இல் ரங்கூனிலிருந்து இதை முதலில் விவரித்து எழுதியவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசுவாமியும். 'விட்மோர் நோய்' என்ற பெயர் நிலைத்தது. கிருஷ்ணசுவாமியை யாரும் நினைப்பதில்லை.

இந்தக் கிருமிக்கு மனிதன் தேவையே இல்லை, மண்ணே போதும். வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே வந்தாலும், நல்ல உடம்பில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் பெரும்பாலும் விழுங்கிச் செரித்துவிடும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் கிடந்தால் அந்த அணுக்கள் வந்து சேரவே தாமதமாகும். விழுங்கினாலும் கொல்லும் வலு குறைவு. சிறைப்பட்ட கிருமி, தன்னை அடைத்துவைத்த பையைக் கிழித்துக்கொண்டு அணுவுக்குள்ளேயே இறங்கும். அணுவின் சொந்தப் புரத இழைகளைத் தனக்கு வாலாக்கி, பக்கத்து அணுவை முட்டி, இரண்டையும் ஒட்டவைக்கும். இப்படியே பல உட்கருக்கள் கொண்ட ஒரே பூத அணு உருவாகும். வெளியே சுற்றும் எதிர்ப்புப் புரதங்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது.

இதில் ஒரு விசித்திரம்: ஆபத்துப் பட்டியலில் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மிதமிஞ்சிய குடி எல்லாம் இருக்க, எச்.ஐ.வி.க்குப் பெரிய இடமில்லை. 'எதிர்ப்புச் சக்தி குறைவு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். எந்தக் காவலாள் தூங்குகிறான் என்பதைப் பொறுத்துத்தான் எந்தத் திருடன் வருவான் என்பது.

காய்ச்சல், இருமல், மெலிவு, நுரையீரலில் நிழல் என்று அச்சு அசல் காசநோய் போலவே வரும். மண்ணீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டி இருந்தால் சந்தேகம் வரவேண்டும். நுண்ணோக்கியில் இந்தக் கிருமி இரு முனை மட்டும் சாயமேறி, சேலைக்குக் குத்தும் ஊக்கு மாதிரி தெரியும். பழகாத கண், 'ஏதோ சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா கலந்துவிட்டது' என்று கிருமி வளர்த்த தட்டைத் தள்ளிவைத்துவிடும்.

ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பெரும்பாலும் எடுபடாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் குறைந்தது 2 வாரம் நரம்பில் ஏற வேண்டும். பிறகு 3 மாதம் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டால் கிருமி திரும்ப எழும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு, 62 ஆண்டு கழித்துக் கையில் புண்ணாக இது வெளிப்பட்டதாகப் பதிவு உண்டு.