வயிறு ஊதுவதற்குச் சோறுதான் காரணமா?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் பல வருஷமாக வயிற்று உப்புசம். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் சேலைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டுத்தான் உட்கார முடியும். பக்கத்து வீட்டில் பேலியோ டயட் (சோறு, சப்பாத்தி மாதிரி மாவுச்சத்தைக் குறைத்து முட்டை, கறி, நெய் என்று சாப்பிடுவது) இருப்பதைப் பார்த்து அவரும் சோற்றை நிறுத்தினார். காலையில் முட்டை, மத்தியானம் மீனோ கறியோ, கூடவே நெய்யில் வதக்கிய வெண்டைக்காய். பத்தே நாளில் போன் வந்தது. "ஏலே, சோத்த விட்டதும் வயிறு லேசாயிட்டு. இத்தன நாளா இந்தச் சோறுதான் என்னப் பாடாப்படுத்திருக்கு."

வயிறு லேசானது உண்மைதான். ஆனால் பழி முழுவதும் சோற்றின் மேல் விழுந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தைச் சிறுகுடலில் சுரக்கும் நொதிகள் சர்க்கரையாக உடைக்கின்றன. அது அங்கேயே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. உடைபடாத சத்து எதுவோ அது பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கின்றன. இட்லி மாவு இரவில் பொங்குவது மாதிரிதான். கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன், சிலருக்கு மீத்தேன் வாயுவும் உண்டாகும். வயிறு ஊதுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். குடல் கூருணர்வு உள்ளவர்களுக்கு, அதாவது குடலில் நடக்கும் சின்ன மாற்றத்தையும் அதிகமாக உணர்பவர்களுக்கு, இதே ஊதல் வலியாகவும் தெரியும்.

இதை மூச்சிலேயே அளக்கலாம். உடம்பின் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. குடல் பாக்டீரியாதான் உண்டாக்கும். அது ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும். 1987இல் அமெரிக்காவில் குடல் வாயுவை ஆராய்ந்த மருத்துவர் மைக்கேல் லெவிட்டின் குழுவினர் பலவகை மாவுகளைச் சாப்பிடக் கொடுத்து மூச்சைச் சோதித்தார்கள். கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பீன்ஸ் எல்லாம் ஹைட்ரஜனைக் கூட்டின. அரிசி மாவு மட்டும் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. அரிசி அவ்வளவு முழுமையாகச் சிறுகுடலிலேயே செரித்துவிடுகிறது.

அப்புறம் பெரியம்மாவின் வயிறு எப்படி லேசானது? சோற்றை நிறுத்தினால் சோற்றோடு வருவதெல்லாம் நின்றுவிடும். சாம்பாரை யாரும் தனியாகக் குடிப்பதில்லை. எங்கள் பக்கத்து மறுவீட்டுச் சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம், உரித்த பூண்டு. வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. பருப்பில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள். இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் நொதியும் நம்மில் பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். பெரியம்மா சோற்றோடு பருப்பையும் வெங்காயத்தையும் பூண்டையும் ராத்திரிச் சப்பாத்தியையும் மூன்று வேளைப் பால் காபியையும் விட்டிருந்தார்.

மாவுச்சத்தைக் குறைப்பதில் பலன் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2006இல் வெளியான ஒரு ஆய்வில், உடல் பருமனும் நெஞ்செரிச்சலும் உள்ள 8 பேர் நாளுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்தில் இருந்தார்கள். இரண்டு இட்லியிலேயே அது கிட்டத்தட்ட முடிந்துவிடும். சில நாளிலேயே உணவுக்குழாயில் அமிலம் ஏறுவது குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது வாரம் பெரியம்மாவுக்கு மலச்சிக்கல் வந்தது. இதுவும் எதிர்பார்க்க வேண்டியதே. மாவுச்சத்து குறைந்தால் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் கரையும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் வெளியேறும். முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். முட்டையிலும் கறியிலும் நார்ச்சத்தும் இல்லை. மலம் இறுகாமல் என்ன செய்யும்? நார்ச்சத்தைப் பாக்டீரியா புளிக்க வைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான உணவு, அதுவும் குறையும். எடை வேகமாக இறங்குகிறவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

அதனால் அவரிடம் வேறு வழி சொன்னேன். சோற்றைத் திரும்ப எடுங்கள்; மூன்று வாரம் வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் மட்டும் வேண்டாம். காய்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். பூண்டு வாசம் வேண்டுமென்றால் நல்லெண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, பூண்டை அரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். ஃப்ரக்டான் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் இறங்காது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது, ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து தாழ்சர்க்கரை வந்துவிடலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு என்றால் எந்த டயட்டையும் முயன்று பார்க்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

பெரியம்மா இப்போது மத்தியானம் சோறு சாப்பிடுகிறார். பாசிப்பருப்பு ஒரு கரண்டி வரை ஒத்துக்கொள்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து சின்ன வெங்காயம் போட்டுத் தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பு) வைத்தாராம். சாயங்காலமே வயிறு கல்லாகிவிட்டது. அடுத்த வாரம் இரண்டு வெங்காயம் போட்டுப் பார்க்கப் போகிறார்.